அங்கநாதன் ஊரைத் தேடி வந்தவள்

ஐஸ் பிளாண்ட் ஒன்று. பன்னிரண்டு அறை லாட்ஜ் ஒன்று. கல்யாண மண்டபம் ஒன்று. மீன் வண்டிகள் நான்கு. தூத்துக்குடியில் நான் உண்டாக்கியவை இவை. எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. சைக்கிள் கேரியரில் சாக்கைச் சுற்றி ஐஸ் பாளம் கட்டி, அது உருகுவதற்குள் கடற்கரைக்கு மிதித்துப் போனவன் நான். உப்புக் காற்றில் கம்ப்ரசர் ஆறு மாதம் தாங்காது என்றார்கள்; இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லாட்ஜின் மாடிப்படியை நானே மணலில் குச்சியால் வரைந்து கொத்தனாரிடம் காட்டினேன். இது நிற்காது என்று இன்ஜினியர் எழுதியே கொடுத்தார். படி நிற்கிறது. அவர்தான் மூட்டுவலியில் நிற்க முடியாமல் என் படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வருகிறார். மண்டபத்துக்கு இரண்டு வாசல் வைத்தேன்: சம்பந்தி கோபித்துக்கொண்டு போக ஒன்று, சமாதானமாகித் திரும்பி வர ஒன்று. இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. இதை என் கைப்படத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். சங்கதியைத் திருத்த வேண்டாம்.

மேலே சொன்ன பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கடல் கடந்து போன ஒரு குடும்பத்துக்கு அவர்களுடைய ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதைத் தேடி வந்தவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மொரீசியஸ் தீவிலிருந்து வந்தாள். நாற்பதை நெருங்கிய வயது, ஆண்பிள்ளைபோல் வெட்டிய முடி, கழுத்தில் கேமரா. லாட்ஜ் வரவேற்பில் நான் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் அறை காலியாக இருக்கிறதா என்று கேட்பார்கள், ஏசி உண்டா என்று கேட்பார்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, தங்கள் இடது காதைச் சற்றுத் திருப்பிக் காட்ட இயலுமா?" என்று கேட்டாள்.

நாடகக் கம்பெனி ஆளோ என்று நினைத்தேன். அவர்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவளாம். அதனால் வாயைத் திறந்தால் கல்வெட்டுதான். பைக்குள்ளிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, மூலைகள் தேய்ந்துபோயிருந்தன. அதில் ஒரு மனிதன், தொளதொளவென்று ஒரு கறுப்புக் கோட்டு, நெஞ்சில் எண் எழுதிய சீட்டு. முறைத்துப் பார்க்கிறான். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களை அந்தக் காலத்தில் அடையாளத்துக்காக அப்படி எடுத்தார்களாம். அவளுடைய தாத்தாவின் தாத்தா அவர். அந்தப் படத்தை என் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"காது ஒத்துப்போகிறது. தாங்கள் எனக்கு உறவினராக இருக்கக்கூடும்" என்றாள்.

இதுதான் அவள். இதற்கு மேல் அவளை வர்ணிக்க ஒன்றுமில்லை. பெயரைக் கேட்பதற்கு முன்னால் காதைக் கேட்பாள். டீக்கடையோ கோயிலோ பஸ்ஸோ, எங்கே ஏறினாலும் இறங்கினாலும் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் படத்தை உருவுவாள், எதிரே இருப்பவர் கன்னத்தில் வைப்பாள், ஒரு கண்ணை மூடுவாள், ஓர் உறவு சொல்லி அழைப்பாள், உடனே கேமராவைத் தூக்கிப் படம் எடுப்பாள். வந்த முதல் வாரத்துக்குள் அவளுக்குத் தூத்துக்குடியில் எட்டுச் சித்தப்பா, ஐந்து பெரியம்மா, ஏகப்பட்ட அத்தான்மார்.

துறைமுக வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் போய் "மாமா" என்றாள் பாருங்கள், நான் அவள் பின்னாலேயே ஓடினேன். போலீஸ்காரரை மாமா என்று யார், எதற்குக் கூப்பிடுவார்கள் என்பது இங்கே பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் லத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"யாரப் பாத்து மாமாங்கிய?"

"தங்களைத்தான். என் தாயின் உடன்பிறந்தவரைப் போன்ற முகச்சாயல் தங்களுக்கு. அங்கநாதன் என்னும் ஊரைத் தாங்கள் அறிவீர்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது என்ன கோட்டியா?"

பைத்தியமா என்று கேட்கிறார். "கோட்டி இல்ல சார், மொரீசியஸ்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். "எந்தக் காதும்மா வேணும், வலதா இடதா?"

தருவைகுளம் மீன் ஏலக்கூடத்தில் நடந்தது இதைவிடக் கூத்து. ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தார். இவள் கூட்டத்துக்குள் புகுந்து, அவர் காதைப் பார்க்கிற ஆவலில் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். ஏலத்தில் கை தூக்கினால் என்ன அர்த்தம்? ஒரு கூடை சாளை இவள் பெயருக்கு முடிந்துவிட்டது.

"நான் இந்த மீன்களைக் கேட்கவில்லையே, தங்கள் செவியைத்தானே கேட்டேன்" என்கிறாள்.

"செவி வெலைக்கு இல்ல தாயி, மீன எடுத்துட்டுப் போ" என்றார் அவர். கூடம் முழுக்கச் சிரிப்பு. கூடை என் ஐஸ் பிளாண்டுக்கு வந்தது. மூன்று நாள் எங்கள் வீட்டில் சாளைக் குழம்பு, சாளைப் பொரியல், சாளை அவியல். என் மனைவி அவளைத் திட்டிக்கொண்டே அவளுக்கு மட்டும் முள் எடுத்துக் கொடுத்தாள்.

இவ்வளவு சிரிப்புக்கும் அடியில் ஒரு அவசரம் இருந்தது. அவளுடைய அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஒரு கண் ஏற்கெனவே இருட்டு. இன்னொன்றில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதுவும் போவதற்குள் நம் ஊரை ஒரு தடவை படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கையில் இருந்த ஆதாரம் இரண்டுதான்: அந்தப் போட்டோ, அப்புறம் ஒரு தாள். கப்பல் ஏற்றும் இடத்தில் குமாஸ்தா எழுதிய பெரிய பதிவேட்டில் தாத்தாவின் தாத்தாவுக்கு உள்ள ஒரே ஒரு வரியை அவர்கள் ஊர் அலுவலகத்தில் தாளில் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். போட்டோவில் நெஞ்சில் இருந்த அதே எண், பெயர், வயது, உயரம், ஊர். ஊர் என்ற இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் அங்கநாதன்.

அந்தப் பெயரை அவர்கள் குடும்பம் தலைமேல் வைத்துத் தாங்கியது. கடைக்கு அங்கநாதன் ஸ்டோர்ஸ். வீட்டு வாசலில் அங்கநாதன் இல்லம். கோயிலில் அர்ச்சனை செய்தால்கூட, அங்கநாதன் ஊர்ப் பரம்பரை என்று சொல்லித்தான் தட்டைக் கொடுப்பார்களாம். ஆனால் அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. சென்னையில் ஒரு பேராசிரியர், அது அரங்கநாதனாக இருக்கும், ஸ்ரீரங்கம் போங்கள் என்றாராம். போயிருக்கிறாள். அங்கேயும் பத்து நாள் காது பார்த்திருக்கிறாள். இன்னொருவர், அங்கன் என்று ஒரு சிற்றரசன் இருந்தான் என்று ஆரம்பித்தாராம். அதற்குப் பிறகுதான் தெற்கே வந்தாள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது திரும்பிப் போக ஒன்பது நாள் பாக்கி. சாளை தீர்ந்தபோது நாலு நாள்.

அன்று காலையில் லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் அவள் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, என் கண்ணாடி எங்க?"

அடுப்படியிலிருந்து என் மனைவி கத்தினாள். "அங்கனதான் கெடக்கு, நல்லாப் பாருங்க!"

புட்டுக் கையோடு இவள் எழுந்துவிட்டாள். "அம்மா! அந்த ஊர் தங்களுக்குத் தெரியுமா?"

"எந்த ஊரு?"

"இப்போது சொன்னீர்களே! அங்கநாதன்!"

"எனக்கு எந்த நாதனையும் தெரியாது. இந்த ஒரு மனுசனத் தெரிஞ்சுகிட்டதே போதும். கண்ணாடி அங்கனதான் கெடக்குன்னு சொன்னேன்."

"அங்கனதான்..." அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "என் தந்தை அப்படித்தான் உச்சரிப்பார். அங்கநாதன் என்று நாங்கள்தான் அவரைத் திருத்தினோம்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வடக்கே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் இங்கே என்பதற்கு இங்கன, அங்கே என்பதற்கு அங்கன. உன் ஊர் எங்கே என்று குமாஸ்தா கேட்டிருக்கிறான். அந்த மனிதர் அங்கனதான் என்று சொல்லியிருக்கிறார். கேட்டவன் அதை ஊர்ப் பெயர் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டான்; பின்னால் படித்தவர்கள் அதை அங்கநாதன் ஆக்கிவிட்டார்கள். ஒரு தீவில் ஒரு குடும்பமே அதைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது.

புரிந்து என்ன செய்ய? ஐஸ் பிளாண்டில் ஆட்களை அதட்டிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ஏம்மா, அது ஊரு இல்ல."

"பிறகு என்ன?"

"அங்கதான்னு அர்த்தம். வெறும் அங்கதான்."

கையிலிருந்த புட்டைத் தட்டில் போட்டாள். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கடைக்கு... கடைக்குப் பலகை வைத்திருக்கிறோம் அண்ணாச்சி!" அதுவரை ஐயா என்று கூப்பிட்டவள் அப்போதுதான் முதல் தடவையாக அண்ணாச்சி என்றாள்.

"அங்கதான் ஸ்டோர்ஸா?" என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "நல்லதாப் போச்சு, கட எங்கன்னு யாரும் கேட்டா சொகமா வழி சொல்லலாம்லா."

மூவரும் சிரித்தோம். அவள் நிறுத்தின பிறகும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"அப்பாவுக்கு எதைக் காட்டுவேன்?" என்றாள்.

 நான் எழுந்து ஐஸ் பிளாண்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே வண்டிகள் வரிசையில் நின்றன. எந்த வண்டிக்கு எத்தனை பாளம், எந்த ஊருக்குப் போகிறது என்று டோக்கன் எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதல் டிரைவர் ஜன்னலில் குனிந்து, "பத்துப் பாளம், தருவைகுளம்" என்றான். அடுத்தவன் வாயில் பீடியோடு, "எனக்கும் அங்கனதான்" என்றான்.

எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது என்றால் நம்புவீர்களா? எத்தனையோ வருடமாக இதைத் தினமும் காதில் வாங்குகிறேன். நானே எத்தனை வரிசையில் நின்றிருப்பேன்! ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, துறைமுகத்தில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடம். முன்னால் நிற்பவனும் நானும் ஓரூர்க்காரர்களாக இருந்தால் அவன்தான் வாயைத் திறந்து ஊரைச் சொல்வான். என் முறை வந்தால், எனக்கும் அங்கனதான் என்பேன். வரிசையில் நின்று பழகாத படிப்பாளிகளுக்கு இது தோன்றுமா? சுட்டுப்போட்டாலும் தோன்றாது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில், நடு ரோட்டில். அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா! மேல் வரியைப் பாரு!"

"எந்த மேல் வரி?"

"அந்தப் பதிவேட்டுல! ஒங்க பாட்டனுக்கு முன்னால எவன் நின்னானோ அவன் எந்த ஊரு சொன்னான்? ஒங்க ஆளும் அங்கனதான்! எனக்கும் அங்கதான்னு சொல்லியிருக்காரு!"

இவர்களிடம் இருந்தது அந்த ஒரு வரி மட்டும்தானே! முந்திய எண் யாருடையது என்று அத்தனை வருடத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் தீவில் இருக்கும் தன் சொந்தச் சித்தப்பா மகளுக்குப் போன் போட்டாள். அவர்கள் பாஷையில் என்ன பேசினாளோ, மூச்சு வாங்கியது. அந்தப் பெண் மறுநாள் அலுவலகத்துக்குப் போய், முந்திய எண்ணுக்கும் பிந்திய எண்ணுக்கும் உள்ள வரிகளையும் போட்டோக்களையும் போனில் அனுப்பினாள்.

மேல் வரியில் ஊர் ஏரல். தாமிரபரணிக் கரையில், எங்களுக்குப் பக்கத்து ஊர்.

நான் கைதட்டிக் குதித்தேன். என் மனைவிக்கு நம்பிக்கை இல்லை. "இவரு சொல்லுதாருன்னு நம்பாத. முன்னால நின்னவனுக்கும் ஒங்க ஆளுக்கும் சம்பந்தமே இல்லன்னா?"

இவள் போட்டோக்காரி அல்லவா, வரிகளை விட்டுவிட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"கோட்டு!" என்றாள்.

மேல் வரிக்காரனும் கறுப்புக் கோட்டு. நல்ல பெரிய உடம்பு, அவனுக்கு அது அளவாக இருந்தது. இரண்டாவது பொத்தான் இல்லை. இவளுடைய ஆள் படத்திலும் அதே கோட்டு, கை விரல் வரை மூடித் தொங்குகிறது. இரண்டாவது பொத்தான் இல்லை.

"அது போட்டோக்காரன் கோட்டா இருக்கும்" என்றாள் என் மனைவி. அவளை எதிலும் லேசில் சம்மதிக்க வைக்க முடியாது.

"அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்திருப்பாரே அம்மா." அவள் பிந்திய எண்ணின் படத்தைக் காட்டினாள். அந்த மனிதன் வெறும் மேலோடு துண்டு போட்டு நின்றான். முன்னவன் படம் எடுத்து முடித்ததும் தன் கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டிருக்கிறான். வேற்றூர்க்காரனுக்கு யார் கோட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள்?

என் மனைவி படத்தைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தாள். பிறகு, "சரி, ஏரலுக்குக் கெளம்புங்க. நானும் வாரேன்" என்றாள்.

ஏரல் கடைத்தெருவில் அன்று அவள் நடந்த நடையைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. பலசரக்குக் கடை, பாத்திரக் கடை, வெற்றிலைக் கடை என்று ஒரு கடையையும் விடவில்லை. படத்தை என் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, பிடியுங்கள்" என்பாள். நான் கடைக்காரர் கன்னத்தில் வைத்துப் பிடிப்பேன். அவள் எடுப்பாள். எல்லாக் காதும் ஒத்துப்போயின! ஒன்றுகூடத் தப்பவில்லை!

வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்த ஒருவர் காதைக் கொடுத்தபடியே என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, இவுங்க யாரு?"

"ஒனக்குச் சொந்தம்."

"எந்த வழியில?"

"காது வழியில."

"அப்பம் சரி" என்று ஒரு கட்டி வெல்லத்தை அவள் கையில் வைத்தார்.

பிறகு ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவில் நின்றுகொண்டு அப்பாவுக்கு வீடியோவில் பேசினாள். போன் முழுக்க ஒரு வயதானவரின் ஒற்றைக் கண். அவ்வளவு ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அவள் தன் செந்தமிழில், அவர்கள் பாஷையில், இரண்டிலும் விளக்கினாள். அப்பாவுக்குத் தமிழே வராது, சில சொற்கள் தெரியும், அவையும் தப்பு என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். போனைச் சுற்றிக் காட்டினாள்: ஆறு, வாழைத் தோட்டம், படித்துறை, கடைசியாக என் முகம்.

கண் என்னைப் பார்த்தது. அப்புறம் குரல் வந்தது.

"ஏலே, நீ யாருலே?"

தூத்துக்குடியில் என்னை ஏலே என்று கூப்பிட இன்றைக்கு ஆள் இல்லை. எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. 

"ஒங்க ஊர்க்காரன்தான் அண்ணாச்சி" என்றேன்.

"அன்னா பின்னால நிக்கா, யாருலே அவ?"

"எம் பொண்டாட்டி."

"தண்ணி நெறைய இருக்கோ?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி."

இப்படியே பேசிக்கொண்டு போனோம். அவரிடம் மொத்தம் நாற்பது, ஐம்பது சொல்தான் இருந்தது. அத்தனையும் ஏரல் சொல். ஒன்றுகூடத் தப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய மகள், "என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?" என்று தண்ணீருக்குள் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அவளுக்கு அர்த்தம் சொன்னேன். மூன்றாம் வகுப்புக்காரன் சொன்னேன்!

இது நடந்து சில வருடம் ஆகிறது. அப்பாவின் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே ஏரல் படங்களைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி அவர் முன்னால் மாட்டிவிட்டாளாம். அவர் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு ஒவ்வொரு காதாகப் பார்த்தாராம். இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய புத்தகமாகப் போட்டு, எனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறாள். நல்ல கனம். அட்டையிலேயே வெல்லக் கடைக்காரர். அவர் கன்னத்தில் பழைய போட்டோ. அதைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. மணிக்கட்டோடு வெட்டிவிட்டாள்.

அதுகூடப் போகட்டும். கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷில் நன்றி சொல்லியிருக்கிறாள். என் மண்டபத்துக்கு வந்த ஒரு வாத்தியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிய பேராசிரியர் பட்டத்தோடு இருக்கிறார். சிற்றரசன் சொன்னவர் இருக்கிறார். என் மனைவி பெயர்கூட இருக்கிறது. அவள் அந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரிகளுக்கெல்லாம் காட்டிவிட்டாள். நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? "தூத்துக்குடி விடுதி உரிமையாளர் ஒருவர்."

போனில் கேட்டேன். "அண்ணாச்சி, அண்ணாச்சி என்றே அழைத்துப் பழகிவிட்டேன், தங்கள் பெயரைக் கேட்கவே இல்லை" என்று சிரிக்கிறாள். எத்தனை பேர் காதைக் கேட்டவள்!

அவளுக்கும் அந்தப் புத்தகத்தை அச்சுப் போட்டவர்களுக்கும் இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் முதல் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். அதற்குக் கீழே, மேல் வரியைப் பார்க்கச் சொன்னவர் என்று போட வேண்டும். ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை நிமிர்ந்து பார்த்து இன்னொரு தரம் கேட்காமல் எழுதியதால் ஒரு குடும்பம் ஐந்து தலைமுறை ஊர் இல்லாமல் அலைந்தது. என் விஷயத்திலும் அப்படி ஆகிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சாகியிருக்கும் பெயர்தான் என் பெயர். இன்னொரு தரம் கேளுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். சரியாக எழுதுங்கள்.